சீலோவாம் கோபுரமும் முடிச்சூர் வெள்ளமும்

2015ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு. மேற்குத் தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் ஆகிய பகுதிகளில் வெள்ளம் வடிந்தும் வடியாமலும் இருந்த நேரம். ஆலயத் தரையில் சேறு இன்னும் காயவில்லை. நின்றுகொண்டே திருப்பலி கண்ட மக்களுக்கு நாம் மறையுரை ஆற்றினோம். பள்ளங்கள் யாவும் நிரப்பப்படும் என்ற திருமுழுக்கு யோவானின் அழைப்பே அன்றைய நற்செய்தி. மனந்திரும்ப வேண்டி இறைவன் அனுப்பிய எச்சரிக்கையே இவ்வெள்ளம் என்னும் பொருள்படப் பேசினோம். குருமட நாள்களில் இறையியல் பயின்ற நமக்கு அது எளிதாகவே நாவில் வந்தது.

திருப்பலி முடிந்ததும், ஆலயத்தின் பின்தெருவில் குடியிருந்த ஒருவர் நம்மிடம் வந்தார். "படுத்த படுக்கையா இருந்த எங்க அம்மாவைத் தூக்கிட்டு மாடி ஏற முடியலே, ஃபாதர். அவங்க செபமாலை சொல்லாத நாளே கிடையாது. எச்சரிக்கைன்னு சொன்னீங்களே, அது யாருக்கு?" என்று கேட்டார். அவர் குரலில் சினம் இல்லை. விடை நம்மிடமும் இல்லை.

அந்தக் கேள்வி நமக்கு முன்னரும் பல குருக்களின் முன் நின்ற கேள்வி. 1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் பெருவிழாவன்று காலையில், போர்த்துக்கல் நாட்டின் தலைநகர் லிஸ்பன் நிலநடுக்கத்தால் இடிந்தது. திருப்பலிக்காகக் கூடியிருந்தவர்கள் மேலேயே ஆலயங்கள் வீழ்ந்தன. பீடங்களில் ஏற்றிய மெழுகுதிரிகளும் தீக்குத் துணை போயின. கடல் பொங்கி, தப்பியோடியவர்களை வாரிச் சென்றது. பிரேசிலில் நெடுங்காலம் மறைப்பணி ஆற்றிப் புனிதர் எனப் பெயர் பெற்றிருந்த இயேசு சபைக் குரு கபிரியேல் மலகிரிடா, மறு ஆண்டே ஒரு சிறுநூல் வெளியிட்டார். இயற்கைக் காரணம் எதுவுமில்லை, மக்களின் பாவமே காரணம் என்பது அவர் வாதம். அரசின் தலைமை அமைச்சராயிருந்த பொம்பால் அவரை நகரிலிருந்து வெளியேற்றினார். பின்னர் 1761இல் அக்குரு கொல்லப்பட்டது வேறொரு கொடுங்கதை. அந்நூலைப் பற்றிப் படித்தபோது நமது டிசம்பர் மறையுரையே நினைவுக்கு வந்தது.

நம் நாட்டிலும், ஏன், நம் தமிழ் மண்ணிலேயே இதே குரல் எழுந்ததுண்டு. 1934ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. தமிழகச் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தியடிகள் சில நாள்களுக்குள் திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனை அது என்றார். கவி இரவீந்திரநாத் தாகூர் மனம் வருந்தி மறுப்பு எழுதினார்; அடிகள் அம்மறுப்பைத் தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டார், தம் கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. தீண்டாமை பெரும்பாவம் என்பதில் ஐயமென்ன? கல்லறைத் தோட்டங்களிலும் சாதிச் சுவர் எழுப்பிய திருச்சபையினரான நாம் அதை மறுக்கவே இயலாது. ஆனால் இடிபாடுகளில் மாண்டோருள் தீண்டாமைக்கு ஆளானவர்களும் இருந்தனரே! ஒரு பாவத்தைச் சாடுவதற்காக, அப்பாவத்தால் நொந்தவர்களின் பிணங்களைச் சான்றுக்கு அழைக்கலாமா?

தண்டனை என்று சொல்லாதவர்கள் பாதுகாப்பு என்று சொல்வார்கள். சாந்தோம் பேராலயத்தின் பின்னே கடலோரத்தில் நிற்கும் தோமையார் கம்பத்தைத் தாண்டிக் கடல் வராது என்பது மரபு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று சுனாமி பேராலயத்துள் புகவில்லை; மக்கள் அதைப் புதுமை என்று கொண்டாடினர். வேளாங்கண்ணியிலும் பேராலயத்துள் நீர் புகவில்லை; ஆனால் கடற்கரையில் நின்ற திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். மக்களின் பக்தியை நாம் குறை கூறவில்லை. கட்டடத்தைக் காத்தவர் பயணியை ஏன் காக்கவில்லை என்று ஒரு விதவை கேட்டால் என்ன சொல்வோம் என்பதே நம் கவலை.

2016ஆம் ஆண்டு பிப்ரவரி 28, தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று, வாசக நூல் நம்மை மடக்கிப் பிடித்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரும் எருசலேமில் மற்றெல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று ஆண்டவர் கேட்கிறார். இல்லை என்று தாமே விடையும் தருகிறார். மாண்டவரின் கணக்கை மூடிவிட்டு, உயிரோடிருப்பவரை நோக்கித் திரும்புகிறார். அன்று அந்தப் பின்தெருக்காரர் தூணோரம் நின்றிருந்தார். டிசம்பரில் நாம் சொன்னது பிழை என்று பீடத்தில் நின்றே ஒப்புக்கொண்டோம்.

அப்படியானால் நடந்தது என்ன? டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். நவம்பர் மழையிலேயே ஏரிகள் நிறைந்திருந்தன. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதால்தான் முடிச்சூர் மூழ்கியது என்று இன்றும் பலர் சொல்லக் கேட்கிறோம். அந்த ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் விடப்பட்டது உண்மை. இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018இல் இதை மனிதர் விளைவித்த பேரிடர் என்றே கூறியது. ஆனால் அந்நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் அதன் வழியில் உள்ளவை. முடிச்சூரோ அதற்கு மேலே இருக்கிறது. கீழே சேரும் நீர் மேலே இருக்கும் ஊரை எப்படி மூழ்கடிக்கும்? இங்கு வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீர்.

அவ்வேரிகள் ஒன்றுக்கொன்று உறவுடையவை. மேலேரி நிறைந்தால் கலங்கல் வழியே வழிந்து, வாய்க்கால் வழியே கீழேரியை அடையும். எஞ்சியது ஆற்றில் விழும். மதகைத் திறந்து மூடவும் முறை வைத்துப் பாய்ச்சவும் நீர்கட்டி ஒருவர் இருந்தார். கரையையும் வாய்க்காலையும் ஊரார் கூடிச் செப்பனிட்டது குடிமராமத்து. வயல் மனையானபோது மதகுக்கு வேலையில்லை, நீர்கட்டிக்கும் வேலையில்லை. பழவந்தாங்கல் என்னும் பெயரில் தாங்கல் என்பது சிறு ஏரி என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் பழைய பரப்பில் சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது. பள்ளங்கள் நிரப்பப்படும் என்று பீடத்தில் வாசித்தோமே, மனை வணிகர்கள் லாரி லாரியாக மண் கொட்டி அதை எப்போதோ நிறைவேற்றியிருந்தனர்.

அவர்களை மட்டும் சொல்வானேன்? வெள்ளத்துக்கு இரண்டாண்டுகள் முன்பு ஆலய வளாகத்தை நான்கடி மண்ணிட்டு உயர்த்தியவர்கள் நாம். சுற்றுச்சுவர் எழுப்பும்போது பழைய வாய்க்கால் ஒன்று குறுக்கிட்டது. பயனற்றது என்று எண்ணி அதை மூடினோம். புதுச் சுவரை நாமே மந்திரித்தோம். நம் வளாகத்தில் நிற்க இயலாத நீர் எந்தத் தெருவுக்குப் போயிருக்கும் என்பதை, அம்மனிதர் கேள்வி கேட்ட பின்னரே நடந்து சென்று பார்த்தோம்.

லிஸ்பன் கதையில் நம்மைப் போன்ற பங்குக் குருக்களுக்கும் ஓர் இடமுண்டு. பொம்பாலின் அரசு எல்லாப் பங்குகளுக்கும் ஒரு வினாப்பட்டியல் அனுப்பியது. நிலம் எவ்வளவு நேரம் ஆடியது, எத்தனை பேர் மாண்டனர், கடல் முதலில் உள்வாங்கியதா பொங்கியதா, எங்கெல்லாம் நிலம் பிளந்தது என்று கேட்டது. குருக்கள் எழுதியனுப்பிய விடைகள் இன்றும் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நிலநடுக்க ஆய்வின் தொடக்கம் அதுவே என்று அறிஞர் கருதுகின்றனர். மலகிரிடாவின் நூலை இன்று தேடிப் படிப்பார் சிலரே. அந்தக் குருக்களின் விடைகளை இன்றும் ஆய்வாளர் புரட்டுகின்றனர்.

அதைப் படித்த பிறகு, பங்கின் நாளேட்டில் நாமும் ஒரு பட்டியல் எழுதினோம்: நீர் வந்த திசை, வந்த நேரம், ஒவ்வொரு தெருவிலும் ஏறிய உயரம், மாடியில்லாத வீடுகள், படுக்கையில் இருப்போரின் வீடுகள். பின்தெருவுக்கு நேரே 'ஆள் உயரம்' என்றும், மூடிய வாய்க்காலுக்கு நேரே நம் பொறுப்பையும் எழுதிக் கையொப்பமிட்டோம். சுவரில் எட்டடி நீளம் இடித்து, வாய்க்காலைத் திறந்த பின்பே மாற்றலாகிச் சென்றோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அப்பகுதி மறுபடியும் நீரில் நின்றது. சில மாதங்கள் கழித்து ஒரு திருமணத்துக்காக அங்குச் சென்றபோது நாளேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். நமக்குப் பின் வந்த பங்குத்தந்தை அதே பட்டியலை மீண்டும் நிரப்பியிருந்தார். பின்தெருவுக்கு நேரே 'முழங்கால் அளவு. படுக்கையில் இருந்த இருவரையும் முதல் நாள் மாலையே பள்ளி மாடிக்குக் கொண்டு வந்தோம்' என்று எழுதியிருந்தது.