இணையக் கலைக்களஞ்சியமும் மாணவர் மொழிநடையும்: சில பயிற்சி முயற்சிகள் (2010-2013)

0. முன்னுரை

தமிழில் கலைக்களஞ்சியம் ஆக்குவது நெடுங்காலம் அறிஞர் குழுவின் பணியாகவே இருந்து வந்தது. பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிகள் இதற்குச் சான்று. ஆங்கிலத்தில் 2001இலும் தமிழில் 2003இலும் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியா இந்நிலையை மாற்றியது. அதில் படிப்பவர் எவரும் எழுதலாம். பிறர் எழுதியதைத் திருத்தலாம். எனவே, தகுதியுடையாரைத் தேர்ந்து எழுதச் செய்தல் என்ற நிலை மாறி, எழுத வருவோரைப் பயிற்றுதல் என்பது இன்றியமையாததாயிற்று. கல்லூரி மாணவர்க்கு இப்பயிற்சியை அளிக்க 2010 முதல் 2013 வரை மேற்கொள்ளப்பட்ட சில முயற்சிகளை மொழியியல் நோக்கில் ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. புனே (2011)

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 2010இல் பாடத்திட்டத்தின் பகுதியாக விக்கிப்பீடியாக் கட்டுரை எழுதும் முறை செயற்படுத்தப்பட்டது. அதனைப் பின்பற்றி 2011இல் புனே நகரக் கல்லூரிகள் சிலவற்றில் விக்கிமீடியா அறக்கட்டளை ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதினர். நூல்களிலிருந்தும் இணையப் பக்கங்களிலிருந்தும் பத்திகள் அப்படியே எடுத்தெழுதப்பட்டிருப்பதை ஏனைய தொகுப்பாளர் கண்டனர். பதிப்புரிமைச் சிக்கல் பெருகவே, அவ்வாண்டு நவம்பரில் திட்டம் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. மாணவர் சேர்த்தவற்றைச் சரிபார்த்து நீக்கும் சுமை தன்னார்வலர் மீது விழுந்தது.

இதனை மாணவரின் நேர்மைக் குறைவு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. பாடநூலின் சொற்களை மாறாமல் திருப்பி எழுதுவதற்கே மதிப்பெண் தரும் தேர்வு முறையில் பயின்றவர்களிடம், ஒரே கருத்தைத் தம் சொற்களில் மாற்றி எழுதும் திறன் திடீரென எதிர்பார்க்கப்பட்டது. அதுவும் பலருக்குத் தாய்மொழியல்லாத மொழியில் எதிர்பார்க்கப்பட்டது. தொகுப்புக் கருவியின் பொத்தான்களை ஒரு பிற்பகலில் கற்பித்துவிடலாம். மாற்றியெழுதும் திறனை அவ்வாறு கற்பித்தல் இயலாது.

2. கெய்ரோ (2012)

அடுத்த முன்னோடித் திட்டம் 2012இன் தொடக்கத்தில் எகிப்தின் கெய்ரோவில் நடைபெற்றது. இது அளவில் சிறியது. மாணவர்கள் எழுதியது தம் மொழியாகிய அரபியில். அயின் ஷம்ஸ் பல்கலைக்கழகத்தின் மொழிப்புல மாணவர்கள் தாம் பயிலும் அயல்மொழியில் உள்ள கட்டுரைகளை அரபியில் பெயர்த்தனர். மொழிபெயர்ப்பு அவர்களுடைய பாடமாகவே இருந்தமையால், வகுப்பிற்குரிய பயிற்சியும் கலைக்களஞ்சியத்திற்குரிய பயிற்சியும் வெவ்வேறாக நிற்கவில்லை. புனேயில் தடையாக நின்ற மொழி இங்குத் துணையாக அமைந்தது எனலாம்.

3. தமிழ் (2010)

தமிழகத்தில் 2010ஆம் ஆண்டு கோவையில் நிகழ்ந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையும் அதனுடன் இணைந்த தமிழ் இணைய மாநாட்டையும் ஒட்டி, கல்லூரி மாணவர்க்கான விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி அரசின் ஆதரவுடன் நடத்தப்பெற்றது. இதே காலப் பகுதியில் கூகுள் நிறுவனம் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி விக்கிப்பீடியாவில் சேர்த்து வந்தது. எழுதியவர் இரு சாரார்; எனினும் எழுந்த நடைச் சிக்கல்கள் ஒப்பிடத்தக்கவை.

3.1 தொடரமைப்பு. ‘இந்நகரம், இது ஆற்றின் கரையில் அமைந்துள்ளது, மிகப் பழமையானது’ என்பது போன்ற தொடர் ஆங்கில இணைப்புத் தொடரின் நிழலாகும். தமிழில் பெயரடைத் தொடர் பெயருக்கு முன் வரும் என்ற இயல்பை உணர்ந்தவர் ‘ஆற்றங்கரையில் அமைந்த இந்நகரம் மிகப் பழமையானது’ என எழுதுவர். அடைகள் பலவாயின் ஒரே தொடரில் அடுக்காமல் இரு தொடராகப் பிரித்தலே தெளிவு தரும்.

3.2 வரையறைத் தொடர். கட்டுரையின் முதல் தொடர் பொருளை வரையறுக்க வேண்டும். அஃறிணைக்கு ‘என்பது’, உயர்திணைக்கு ‘என்பவர்’ என அமையும் வாய்பாடு எளிது. ஆனால் ஒவ்வொரு தொடரையும் ‘ஆகும்’, ‘ஆவார்’ என முடிக்கும் பழக்கத்தையும், ஆங்கிலச் சார்படையின் இடத்தில் எல்லாம் ‘ஒரு’ சேர்க்கும் பழக்கத்தையும் இதுவே வளர்த்துவிடுகிறது.

3.3 கலைச்சொல். தமிழகப் பாடநூலில் ‘ஒளிச்சேர்க்கை’ என்பது இலங்கைப் பாடநூலில் ‘ஒளித்தொகுப்பு’. ‘இயற்பியல்’ அங்குப் ‘பௌதிகவியல்’. தான் கற்ற சொல்லே தமிழ்ச் சொல் என எண்ணி வரும் மாணவர், பேச்சுப் பக்கத்தில் பிறர் வினவும்போதுதான் மற்றொரு மரபும் உண்டு என அறிகிறார். ஒரு சொல்லைத் தலைப்பாக்கி மற்றதிலிருந்து வழிமாற்று அமைக்கும்போது இரு வழக்கும் வாழ்கின்றன. கலைச்சொல் தரப்படுத்தம் பற்றிய வகுப்புரைகளைக் காட்டிலும் இச்சிறு செயல் நன்கு மனத்தில் பதியும்.

கூகுள் மொழிபெயர்ப்புகளைத் தமிழ் விக்கிப்பீடியர் முற்றிலும் ஒதுக்கிவிடவில்லை. தலைப்புத் தேர்வு, நடைத் தரம் ஆகியன பற்றிக் கலந்து பேசி வரையறை வகுக்க முயன்றனர். புதிதாக எழுதுபவரிடமும் இதே அணுகுமுறை தேவைப்படுகிறது. எழுதியதைக் காரணமின்றி நீக்கினால் மாணவர் மீண்டும் வாரார். காரணம் கூறித் திருத்தினால் அத்திருத்தமே பாடமாகிறது.

4. கொங்கணி (2013)

கோவாப் பல்கலைக்கழகம் தான் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட கொங்கணி விசுவகோசத்தை 2013இல் கட்டற்ற உரிமத்தில் வழங்கியது. அதன் பக்கங்களைத் தட்டச்சிட்டு விக்கிமூலத்தில் ஏற்றும் பணியில் மாணவர்கள் ஈடுபட்டனர். புதிதாக எழுதுவதற்கு முன், நன்கு எழுதப்பட்டதை எழுத்தெழுத்தாகப் பார்த்துப் படியெடுத்தல் என்னும் வரிசை இங்கு அமைந்தது. தேவநாகரி, உரோமன், கன்னடம் எனப் பல எழுத்துகளில் எழுதப்படும் மொழிக்கு இத்தகைய எழுத்துப் பயிற்சி கூடுதல் பயனுடையது. புனேயில் குற்றமாக முடிந்த படியெடுத்தல், உரிமம் பெற்ற நூலை மூலமாகவே பதிந்தபோது இங்குத் தொண்டாயிற்று.

5. முடிவுரை

மேற்கண்டவற்றால் பயிற்சியின் வரிசை முறையே வெற்றி தோல்வியைப் பெரிதும் முடிவு செய்கிறது எனக் கருதலாம். பிழை திருத்தல், படியெடுத்தல், சான்று சேர்த்தல், ஒரு பத்தியை மாற்றியெழுதுதல் ஆகியன முன்னும், முழுக் கட்டுரை பின்னும் அமைதல் வேண்டும். மாணவர் தாய்மொழியில் எழுதுவதும், திருத்துவோர் தாங்கும் அளவில் எண்ணிக்கை இருப்பதும் இன்றியமையாதன. பிறர் கூறிய பொருளைத் தன் சொற்களால் கூறக் கற்றவரே மொழிபெயர்ப்பாளராகவும் வளர முடியும். அத்திறனைப் பள்ளியும் கல்லூரியும் கற்பிக்காதவரை, அதனைக் கற்பிக்கும் பொறுப்பு முகமறியாத் தன்னார்வலரின் திருத்தங்களையே சாரும்.