பட்டாளத்துத் தாத்தா

எங்கள் தாத்தா ராணுவத்தில் ஹவில்தார் கிளார்க். துப்பாக்கியைவிடப் பேனாவைத்தான் அதிகம் பிடித்தவர் என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வார். கோடை விடுமுறைக்குப் புனாவில் கூடும் பேரன் பேத்திகள் ஏழு பேருக்கும் காலை ஐந்தரைக்கு வாயாலேயே பியூகிள் ஊதுவார். உடனே வரிசையில் நிற்க வேண்டும். பல் தேய்த்தாயிற்றா என்று 'இன்ஸ்பெக்ஷன்' நடக்கும். சீட்டாட்டத்தில் அவரைப் போல அழுகுணி ஆட்டம் ஆடியவரை நான் பார்த்ததில்லை. துருப்பைத் தொடைக்கடியில் ஒளித்து வைப்பார். பிடிபட்டால், "இதுக்குப் பேர் கேமஃபிளாஜ்டா!" என்பார்.

கும்பகோணத்தில் இண்டர்மீடியட் முடித்து வேலை கிடைக்காமல் இருந்தவர், 1942-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். நம் குடும்பங்களில் அன்று அது லேசான காரியமில்லை. கொள்ளுத்தாத்தா ஆறு மாதம் கடிதமே போடவில்லையாம். அந்தப் போரில் இந்திய ராணுவத்தில் சேர்ந்த சுமார் 25 லட்சம் பேருமே கட்டாயமில்லாமல் தாமாகச் சேர்ந்தவர்கள்தான். எத்தனை பேரைத் தேசபக்தி அழைத்தது, எத்தனை பேரை வயிறு அழைத்தது என்பது வேறு விஷயம்.

தாத்தா இருந்தது ராயல் இண்டியன் ஆர்மி சர்வீஸ் கோர். உணவு, பெட்ரோல், வண்டி எல்லாம் அவர்கள் பொறுப்பு. 1944 மார்ச் கடைசியில் ஜப்பானியர் கோஹிமா சாலையைத் துண்டித்தபோது அவர் இம்பாலில் இருந்தார். ஜூன் 22-ல் சாலை திறக்கும் வரை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அரிசி, ஆட்டா, மருந்து எல்லாமே விமானத்தில்தான் வந்தன. மழைக்காலம் வேறு. ரேஷனைக் குறைத்தார்கள். யாருக்கு எவ்வளவு என்று கணக்கு எழுதியவர்களில் தாத்தாவும் ஒருவர்.

இம்பாலுக்குத் தெற்கே மொய்ராங்கில் அதே ஏப்ரலில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் கொடியேற்றியது. மலேயாத் தமிழர்கள் பலர் சேர்ந்திருந்த படை அது. பள்ளிக்கூடத்தில் இதைப் படித்துவிட்டு வந்து, "அப்படீன்னா நீங்க வெள்ளைக்காரன் பக்கமா இருந்தேள் தாத்தா?" என்று கேட்டுவிட்டேன். பாட்டி என்னை முறைத்தாள். தாத்தா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "நான் அரிசி மூட்டை பக்கம்டா" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அன்று ராத்திரியோ மறுநாளோ, தட்டில் பாதி தயிர்சாதத்தை வைத்துவிட்டு எழுந்தேன். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. என் தட்டைத் தன் பக்கம் இழுத்து, மிச்சத்தைச் சாப்பிட ஆரம்பித்தார். மூன்று வேளையும் சந்தியாவந்தனம் தவறாதவர். மடி ஆசாரம் பார்க்கும் வீடு. "ஏன்னா, எச்சில்!" என்று பாட்டி பதறினாள்.

"இம்பால்ல இது ஒருத்தனுக்கு ஒரு வேளைடீ" என்றார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பில்லை. மேலே கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் ஐந்தரைக்கு வழக்கம்போல் பியூகிள்.

1994-ல் காலமானார். அவருடைய பர்மா ஸ்டார் பதக்கம், கடைசி வரை சீட்டுக்கட்டோடு ஒரே டப்பாவில்தான் கிடந்தது.

2011-ல் இம்பால் போயிருந்தேன். இந்திய ராணுவத்தாருக்கான போர்க் கல்லறைத் தோட்டத்தில், தகனம் செய்யப்பட்ட வீரர்களின் பெயர்களைப் பொறித்து ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. தாத்தா தன் கதைகளில் ஒரு தோழனின் பெயரைக்கூடச் சொன்னதில்லை. யாரைத் தேடுவதென்று தெரியாததால், ஒன்று விடாமல் எல்லாப் பெயர்களையும் படித்துவிட்டு வந்தேன்.