தண்டவாளமும் தோட்டமும்: நெகிரி செம்பிலானில் சுற்றுலாவின் வரலாறு

சுற்றுலா என்னும் சொல்லுக்குள் பழைய சொல் ஒன்று குடியிருக்கிறது. உலா என்பது தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று. தலைவன் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுவகைப் பருவ மகளிரும் நின்று அவனைக் காண்பர். செல்பவன் ஒருவன், காண்பவர் பலர். பிற்காலத்தில் அச்சொல்லோடு 'சுற்று' என்பது சேர்ந்து, யாரும் சென்று வரக்கூடிய இன்பப் பயணத்தைக் குறிப்பதாயிற்று. அந்த 'யாரும்' என்பது எப்பொழுது உண்மையாயிற்று? இவ்வுரையில் நாம் ஆராய விரும்பும் வினா இதுவே. விடை தேடி ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்குச் செல்லும் வழியும் அவ்வழியின் இருமருங்கிலும் இருந்த தோட்டங்களுமே நமக்குப் போதும்.

சுற்றுலாவின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் 1841ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தொடங்கும். இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் மதுவிலக்குக் கூட்டமொன்றுக்காக லெஸ்டர் நகரிலிருந்து லஃபரோவுக்கு ஏறத்தாழ 500 பேரைத் தனி இரயிலில் அழைத்துச் சென்றார். ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அங்கிருந்து நீராவி இரயில், நீராவிக் கப்பல், மோட்டார் வாகனம், வானூர்தி என்று அந்நூல்கள் படிப்படியாக ஏறிச் செல்லும். வாகனம் விரைவுற்றது, கட்டணம் குறைந்தது, மக்கள் சுற்றுலா சென்றனர் என்பது அவற்றின் வாதம். இதில் பிழை இல்லை. ஆனால் இது முழுமையும் இல்லை. வீட்டு வாசலுக்கே இரயில் வந்த பின்னும் அதில் ஏற இயலாதிருந்த மக்கள் உண்டு. அவர்கள் நம் பாட்டன் பாட்டியர்.

போர்ட்டிக்சன் முன்னர் ஆராங் என்னும் பெயருடைய சிற்றூராக இருந்தது. ஆராங் என்றால் மலாய் மொழியில் கரி என்று பொருள். நீரிணைக் குடியேற்றங்களின் குடியேற்றச் செயலாளராக இருந்த சர் ஜான் ஃபிரெடரிக் டிக்சன் என்பாரின் பெயரால் அது புதுப்பெயர் பெற்றது. சுங்கை ஊஜோங் வட்டாரத்தின் ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு சேர்க்க ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. துறைமுகத்துக்கு ஓர் இரயில் பாதை தேவைப்பட்டது. சுங்கை ஊஜோங் இரயில்வே என்னும் தனியார் நிறுவனம் 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் வரை சுமார் 39 கிலோமீட்டர் நீளப் பாதையைத் திறந்தது. மலாயாவின் முதல் இரயில் பாதை தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே 1885இல் அமைந்ததை எண்ணிப் பார்த்தால், ஆறே ஆண்டுகளில் நம் மாநிலத்துக்கும் இரயில் வந்துவிட்டது எனலாம். 1903இல் வடக்கே பிறையிலிருந்து சிரம்பான் வரை தண்டவாளம் தொடர்ந்தது. 1909இல் ஜொகூர் பாரு வரை நீண்டது. அதற்கு முந்திய ஆண்டில் போர்ட்டிக்சன் பாதையும் அரசு இரயில்வேயின் கைக்கு வந்திருந்தது.

ஈயத்துக்காகப் போடப்பட்ட அப்பாதை தோட்டங்களையும் வளர்த்தது. மம்பாவ், சிலியாவ், ரந்தாவ் வட்டாரங்களில் காடு அழிந்து தோட்டம் எழுந்தது. முதலில் காப்பி, பின்னர் ரப்பர். பாதைக்கு அண்மையில் நிலம் இருந்தால் ரப்பரை மலிவாகத் துறைமுகத்துக்கு அனுப்பலாம். ஆட்களையும் அவ்வழியே கொண்டு வரலாம்.

ஆட்கள் எப்படி வந்தனர்? திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து கங்காணியுடன் புறப்பட்டு, ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் தங்கி, நீராவிக் கப்பலின் தளத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கழித்து, பினாங்கிலோ கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் காத்திருந்து, இரயிலேறிச் சிரம்பான் வந்தனர். தம் வாழ்நாளில் இரயிலையும் கப்பலையும் அவர்கள் முதன்முதலாகக் கண்டது இப்பயணத்திலேயே. ஆயிரக்கணக்கான மைல் பயணம். ஆயினும் அவர்களை எந்த வரலாற்று நூலும் பயணி என்று எழுதவில்லை. 'கூலி' என்றே எழுதிற்று. 1907இல் தொடங்கப்பட்ட குடியேற்ற நிதிக்கு முதலாளிகள் ஆள் கணக்கில் தொகை செலுத்தினர். அந்நிதியே கப்பல் கட்டணத்தை ஏற்றது. பயணச்சீட்டை வாங்கியவர் ஒருவர், பயணம் செய்தவர் வேறொருவர் என்னும் இந்நிலையைச் சுற்றுலா வரலாறு எழுதுவோர் கண்டுகொள்வதில்லை.

அதே தண்டவாளத்தில் வேறொரு பயணமும் நடந்தது. போர்ட்டிக்சன் ஈயத் துறைமுகமாக இருந்ததோடு வெள்ளையரின் கடற்கரை ஓய்விடமாகவும் மாறிற்று. சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் பணியாற்றிய அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் வார இறுதியில் கடற்காற்று வாங்கச் சென்றனர். மோட்டார் கார் வந்த பின் இப்பழக்கம் பெருகிற்று. ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறிய 1910 அளவில் தோட்டத்துச் செம்மண் சாலைகளில் கார்கள் ஓடத் தொடங்கிவிட்டன. அதே ஆண்டில்தான் ஹாரிசன் என்பார் தொகுத்த படங்களுடன் கூடிய பயண வழிகாட்டி நூல் ஒன்றை, இலண்டனில் இருந்த மலாய் மாநிலங்களின் தகவல் அலுவலகம் வெளியிட்டது. காட்டு விலங்கு வேட்டை விரும்புவோர்க்கும் அதில் ஒரு பகுதி உண்டு. அந்நூலை வாசித்துவிட்டு வந்த பயணி, இரயில் பெட்டியின் சாளரத்தின் வழியே வரிசை வரிசையாய் நின்ற பால்மரங்களையும் இடையே வாளியுடன் நடந்த மனிதர்களையும் கண்டிருப்பார். பழைய உலாவில் சாளரத்தில் நின்று காண்பவர் வேறு, வீதியில் செல்பவர் வேறு. இங்கே சாளரமும் செல்பவர்க்கே உரியதாயிற்று.

தொழிலாளர்க்கு என்ன தடை? இரயிலில் மூன்றாம் வகுப்பு இருந்தது. இந்தியர் ஏறக்கூடாது என்ற சட்டமும் இல்லை. தடை வேறிடத்தில் இருந்தது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவர். அங்கே இல்லாதவர்க்கு அன்றைய கூலி இல்லை. 1920களின் இறுதியில் அரசு நிர்ணயித்த நாட்கூலி, போக்குவரத்து எளிதான பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பஹாங்கின் உட்பகுதிகளில் அது 58 காசும் 46 காசுமாக இருந்தது. அங்கே சாமான் கொண்டு செல்லும் செலவு மிகுதி என்பதே காரணம். மாணவர்கள் இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்க வேண்டும். இரயில் அருகில் வந்தது தொழிலாளியின் கையில் பயணச்சீட்டைத் தரவில்லை. அவனுடைய கூலியைக் கணக்கிடும் அளவுகோலாகவே முதலில் வந்தது. 1930இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் அக்கூலியும் குறைந்தது; இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அதுவும் கட்டணமில்லாப் பயணந்தான்.

ஆனால் நம் மக்கள் அந்த இரயிலைத் தமக்கென மாற்றிக்கொண்ட நாள் ஒன்று ஆண்டுதோறும் வந்தது. அதுவே தைப்பூசம். கோலாலம்பூருக்கு அருகிலுள்ள பத்துமலைக் குகையில் தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் முருகன் கோயில் அமைந்தது. 1892 முதல் அங்குத் தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. சுண்ணாம்புக்கல் எடுப்பதற்காகப் பத்துமலைக்கு ஒரு கிளைப்பாதை போடப்பட்டிருந்தது. கல் ஏற்றுவதற்கென்று போட்ட அப்பாதையில் தைப்பூசத்தின்போது சிறப்பு இரயில்கள் பக்தர்களை ஏற்றிச் சென்றன. நெகிரி செம்பிலான் தோட்டத்துத் தமிழர்க்கு இதுவே முதல் கூட்டுப் பயணம் என்று நாம் கருதுகிறோம். புளிச்சோறும் மாற்றுத் துணியும் மூட்டையில், பிள்ளைகள் இடுப்பில், காவடி இரயில் பெட்டியின் மூலையில். கோயிலுக்குத்தான் போனார்கள், ஆனால் கோலாலம்பூரின் இரயில் நிலையத்தைக் கண்டார்கள், கடைத்தெருவைக் கண்டார்கள், வேறு தோட்டத்துக்குப் போய்விட்ட ஊர்க்காரரைக் கண்டு கலந்தார்கள், பெண் பார்த்தார்கள், பிள்ளைக்கு வளையல் வாங்கினார்கள். மலாக்காவில் மாசி மகம், புக்கிட் மெர்தாஜமில் புனித அன்னம்மாள் பெருவிழா என்று பிற பயணங்களும் இவ்வாறே அமைந்தன. இவற்றைச் சமயம் என்று ஒதுக்கி, கடற்கரைக்குப் போன துரையை மட்டும் சுற்றுலாப் பயணி என்று கூறும் வகைப்பாடு நமக்கு உடன்பாடன்று. தாமஸ் குக் அழைத்துச் சென்றவர்களும் ஒரு கூட்டத்துக்குத்தானே போனார்கள்!

போர் வந்தபோது தண்டவாளத்தின் முகம் மாறிற்று. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு 1905 முதல் ஓடிய கிளைப்பாதையை ஜப்பானியர் பெயர்த்தெடுத்தனர். அப்பாதை மீண்டும் போடப்படவே இல்லை. தண்டவாளத்தோடு மனிதரையும் எடுத்துச் சென்றனர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குச் சரக்குப் பெட்டிகளில் அனுப்பப்பட்டனர். மிகப் பலர் திரும்பவில்லை. இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரியில் குவாய் ஆற்றுப் பாலம் பெயர்பெற்ற சுற்றுலாத் தலம். அங்குள்ள போர்க் கல்லறைகளில் நேச நாட்டு வீரர்களின் பெயர்கள் வரிசையாக உள்ளன. நம்மவர் பெயர்களை அவ்வரிசையில் தேடினால் கிடைக்காது. மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதனையும் சொல்ல வேண்டுமென வேண்டுகிறோம்.

1948இல் அவசரகாலம் தொடங்கியது. தோட்டத்து லயங்கள் முள்வேலிக்குள் வந்தன. ஊரடங்கும் அடையாள அட்டைச் சோதனையும் அன்றாடமாயின. பேருந்துகள் பெருகி வந்த அக்காலத்தில்தான் இரவில் வேலிக்கு வெளியே கால் வைப்பதற்கும் அனுமதி தேவைப்பட்டது.

மாற்றத்தைக் கொண்டு வந்தது புதிய வாகனம் அன்று, தொழிற்சங்கமும் சட்டமுமே. நெகிரி செம்பிலானில் தம் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி. பி. நாராயணன் முதலியோரின் உழைப்பால் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் வார ஓய்வு நாளையும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையையும் உரிமையாக்கிற்று. அதன் பிறகே தோட்டத்து லோரி புதுப்பொருள் பெற்றது. வார நாளில் பால் ஏற்றிய லோரியில் ஞாயிறன்று பலகை போட்டுப் பிள்ளைகளை ஏற்றினர். தோட்டத் தமிழ்ப்பள்ளி மாணவர் பலர் கடலை முதன்முதல் கண்டது அவ்வாறு போர்ட்டிக்சன் சென்ற நாளில்தான். மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, உப்புநீரில் நனைந்த உடையோடு திரும்பி வந்ததைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளைத் திருத்திய ஆசிரியர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். பின்னர் மிதிவண்டியும் 'ஹோண்டா கப்' மோட்டார் சைக்கிளும் வந்தன. பேருந்தை வாடகைக்கு எடுத்துக் கேமரன் மலைக்கும் பினாங்குக்கும் செல்லும் வழக்கமும் தோன்றிற்று.

தாய்நாட்டுப் பயணத்தின் கதை இன்னும் துயரமானது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னைக்கும் நாகைக்கும் மலாயாவுக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தகரப் பெட்டியில் துணியும் சவர்க்காரமும் அடுக்கிக்கொண்டு ஊர் பார்த்து வந்தவர்கள் உண்டு. அவர்களே உண்மையான சுற்றுலாப் பயணிகள் எனலாம். ஆனால் 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. அதன் விளைவாகப் பல்லாயிரவர் அதே கப்பலில் திரும்பா வழிப் பயணம் சென்றனர். ஒரே தளத்தில், ஒருவர் இரண்டு மாதத்தில் திரும்பும் விருந்தாளி. அருகில் படுத்திருந்தவர் முப்பதாண்டு உழைப்பை முடித்துக்கொண்டு போகிறவர். கப்பல் இருவரையும் வேறுபடுத்தவில்லை. கையிலிருந்த தாள்தான் வேறுபடுத்திற்று.

பிற்கால வளர்ச்சிகளை விரைந்து கூறிவிடலாம். 1982இல் கோலாலம்பூர்–சிரம்பான் நெடுஞ்சாலை முழுமை பெற்றது. 1990 'மலேசியாவுக்கு வருகை புரியும் ஆண்டு' என்று அறிவிக்கப்பட்டது. 1995இல் மின்சாரப் பயணிகள் இரயில் வந்தது. 1998இல் மாநில எல்லையை ஒட்டிச் சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. பயணம் எளிதான அளவுக்கு நிலத்தின் விலை ஏறிற்று. நீலாய், லாபு, செண்டாயான் வட்டாரங்களில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. போக்குவரத்துக்காகத் தோன்றிய தோட்டம் போக்குவரத்தாலேயே மறைந்தது. 2010இல் பத்துமலை வரை மின்சார இரயில் நீண்டது. இன்று தம்பினுக்கு அருகிலுள்ள புலாவ் செபாங் நிலையத்தில் ஏறினால் பத்துமலையில் இறங்கலாம். பாட்டிமார் மூட்டையோடு ஏறிய வழியும் ஏறக்குறைய இதுதான். ஆனால் ஏறுவோர் இப்போது தோட்டத்திலிருந்து வருவதில்லை. சிரம்பானின் அடுக்குமாடிகளிலிருந்து வருகிறார்கள். போர்ட்டிக்சன் பாதையிலோ பயணிகள் இரயில் நின்று நெடுங்காலம் ஆகிவிட்டது.

இப்பொழுது புதுவகைப் பயணமொன்று காணப்படுகிறது. தோட்டத்தை விட்டுப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆண்டுக்கு ஒருமுறை தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காரில் வருகிறார்கள். வழிகாட்டிச் செயலி புதிய வீடமைப்பின் பெயரைச் சொல்கிறது. பழைய தோட்டத்தின் பெயர் அதற்குத் தெரிவதில்லை. முதியவர் ஒருவர் முன்னிருக்கையில் அமர்ந்து, "இந்தப் பக்கந்தான் ஆயாக் கொட்டகை, அந்த மேட்டில் கிராணி வீடு" என்று கைகாட்டுகிறார். லயமும் பால் கொட்டகையும் இல்லை. கோயிலும் ஒரு வேப்பமரமும் இருக்கின்றன. பூசை முடிந்து அன்னதானம் உண்டபின், வெயில் தாழ வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் புறப்படுகின்றன.