நினைவகம் கூட்டிய பின் கணினி நிலைகுலைவது ஏன்? ஈய மண்ணிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை



"கணினி மெதுவாக இயங்குகிறதே என்று நினைவகத்தைக் கூட்டினோம். அன்று முதல் அடிக்கடி நின்றுபோகிறது, நீலத்திரை தோன்றுகிறது. கணினியே கெட்டுவிட்டதா?" என்னும் கேள்வியைப் பெற்றோர் பலரிடமிருந்து நான் கேட்டிருக்கிறேன். "ஆம், கெட்டுவிட்டது, புதிது வாங்குங்கள்" என்பதே கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் விடை. ஆனால் இக்கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் பினாங்கும் வருகிறது. நம் பேராக் மண்ணில் கிடைக்கும் ஈயமும் தோரியமும் வருகின்றன. அதனை அறிந்தவர்கள் கணினியைத் தூக்கி எறிவதற்கு முன் ஒருமுறை சிந்திப்பார்கள் என்னும் நம்பிக்கையில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஒழுகும் மங்குகள்

இன்று நாம் 'ரேம்' என்று சொல்லும் நினைவகத்தின் அடிப்படையைக் கண்டவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் இராபர்ட் டென்னார்ட். 1966இல் அவருக்குத் தோன்றிய எண்ணத்துக்கு 1968இல் காப்புரிமை கிடைத்தது. ஒரு சிறு மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லையென்றால் 0. இவ்வளவுதான் அதன் தத்துவம்.

எங்கள் ஆயர் தாவார் வட்டாரத்தில் இன்று செம்பனையே மிகுதி. ஆயினும் பால்மரக் காட்டை அறிந்த பெரியவர்களுக்கு இதனை எளிதில் விளக்கிவிடலாம். நிரை நிரையாக மரங்கள். மரத்துக்கு ஒரு மங்கு. மங்கில் பால் இருந்தால் 1, காலியாக இருந்தால் 0 என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஒவ்வொரு மங்கிலும் ஓர் ஊசித்துளை உண்டு. பால் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே, மங்கு வற்றுவதற்குள் ஒருவர் ஒவ்வொரு நிரையாகச் சென்று, பால் உள்ள மங்குகளை மட்டும் மீண்டும் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவகச் சில்லில் இவ்வேலை பொதுவாக 64 மில்லி நொடிக்குள் ஒரு சுற்று முடிந்துவிடுகிறது. கணினி இயங்கும் வரையில் இது நிற்பதில்லை. ஒரு சுற்று தவறினாலும், மங்கு சற்று அதிகமாக ஒழுகினாலும், 1 என்பது 0 ஆகிவிடும்.

இவ்வகைச் சில்லை வணிக வெற்றியாக்கியது இண்டெல் நிறுவனம். 1970இல் வெளிவந்த அதன் 1103 என்னும் சில்லு 1,024 பிட்டுகளை மட்டுமே கொண்டது. 1972இல் அதே நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் பொருத்துதல் ஆலையைப் பினாங்கின் பாயான் லெப்பாசில் திறந்தது. அக்காலத்தில் இண்டெலின் முதன்மை வணிகம் நினைவகச் சில்லுகளே. 1975இல் அவ்வாலை தீக்கிரையாகி, பின்னர் மீண்டும் எழுந்தது. துன் டாக்டர் லிம் சோங் இயூ முதலமைச்சராக இருந்த காலத்தில் உருவான அத்தொழிற்பேட்டையில் இண்டெலைப் போலவே ஏ.எம்.டி., ஹியூலட் பேக்கார்ட், ஹிட்டாச்சி முதலியவையும் ஆலை அமைத்தன.

தோரியம் சொன்ன செய்தி

1970களின் பிற்பகுதியில் ஒரு புதிர் தோன்றியது. சில்லுகளில் பழுதில்லை; சோதித்தால் தேறுகின்றன; ஆயினும் எப்போதாவது ஒரு பிட் தானாக மாறிவிடுகிறது. இண்டெலின் திமோத்தி மே, மர்ரே வூட்ஸ் ஆகிய இருவரும் 1978இல் விடையை வெளியிட்டனர். சில்லை மூடியிருந்த உறைப்பொருளில் யுரேனியமும் தோரியமும் மிகச் சிறு அளவில் கலந்திருந்தன. அவை உமிழ்ந்த ஆல்ஃபா துகள்கள் மங்கைக் கவிழ்ப்பதுபோல் மின்னூட்டத்தைக் குலைத்தன. 1979இல் ஐ.பி.எம்.மின் ஜேம்ஸ் சீக்லரும் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் லான்ஃபோர்டும், விண்ணிலிருந்து வரும் கதிர்களும் இதே தீங்கைச் செய்யக்கூடும் என்று காட்டினர்.

தோரியம் என்னும் சொல் ஈப்போ வட்டாரத்தாருக்குப் புதிதன்று. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில் ஈயத்தைப் பிரித்த பின் எஞ்சும் 'ஆமாங்' மணலில் மோனசைட் என்னும் கனிமம் உண்டு. அதில் தோரியம் உண்டு. அம்மோனசைட்டிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுக்க ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982இல் ஓர் ஆலை இயங்கத் தொடங்கியது. அதன் கதிரியக்கக் கழிவை எதிர்த்து 1985இல் ஊர்மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூட ஆணையிட்டது. 1993இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டாலும், 1994இல் ஆலை மூடப்பட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மண்ணிலுள்ள தோரியத்தால் நம் பள்ளிக் கணினிகள் நிலைகுலைவதில்லை. ஆல்ஃபா துகளை ஒரு தாளே தடுத்துவிடும். சில்லின் உறைக்குள்ளேயே இருந்தால்தான் அது நினைவகத்தைத் தொட முடியும். அதனால்தான் 1978க்குப் பின் சில்லு செய்வோர் உறைப்பொருளையும் பற்றவைக்கும் ஈயத்தையும் கதிரியக்கம் குன்றியதாகத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினர்.

ஒரு பிட் மாறினால் என்ன?

"ஒரு பிட்தானே" என்று எண்ணிவிட முடியாது. ஒரு மாணவர் 72 மதிப்பெண் பெற்றார் என்று கொள்வோம். கணினிக்கு 72 என்பது 64உம் 8உம் சேர்ந்தது. 8ஐக் குறிக்கும் பிட் கவிழ்ந்தால் அம்மதிப்பெண் 64 ஆகிவிடும். 64ஐக் குறிக்கும் பிட் கவிழ்ந்தாலோ வெறும் 8தான் எஞ்சும். கணினி நிற்கவில்லை, நீலத்திரை வரவில்லை, எவருக்கும் தெரியவில்லை. நிலைகுலைவைக் காட்டிலும் இதுவே கொடியது.

இதற்கு மருந்து முன்னரே இருந்தது. பெல் ஆய்வுக்கூடத்தின் ரிச்சர்ட் ஹாம்மிங், வார இறுதியில் தாம் விட்டுச்சென்ற கணக்குகளைப் பிழை கண்டதும் இயந்திரம் கைவிட்டுவிடுவதைக் கண்டு வெறுத்தார். "பிழையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு அதனைத் திருத்தத் தெரியாதா?" என்று ஆராய்ந்தார். 1950இல் அவர் வெளியிட்ட பிழைதிருத்தும் குறிமுறை இன்றும் வழங்கிக் கணினிகளைக் காக்கிறது. 1981இல் வந்த ஐ.பி.எம். தனிக்கணினியில் எட்டுப் பிட்டுக்கு ஒரு காவல் பிட் இருந்தது. பொருத்தம் தவறினால் கணினி உடனே செய்தி காட்டி நின்றுவிடும். 1990களில் விலைப்போட்டியில் வீட்டுக் கணினிகள் அக்காவலைக் கைவிட்டன. நம் பள்ளிகளுக்கு வந்தவை பெரும்பாலும் காவல் இல்லாத அவ்வகைக் கணினிகளே.

ஈயமும் தங்கமும்

1990களில் வந்த நினைவக அட்டைகளின் விளிம்பில் சிலவற்றுக்குத் தங்கப் பூச்சு, சிலவற்றுக்கு வெள்ளீயப் பூச்சு. தாய்ப்பலகையின் செருகுவாயும் அவ்வாறே இருவகை. தங்கமும் ஈயமும் ஒன்றோடொன்று உரசினால், கணினி சூடாகி ஆறும்போது ஏற்படும் நுண்ணிய அசைவில் ஈயத்துகள் தங்கத்தின்மேல் ஒட்டி, காற்றுபட்டுத் துருப்போல் படிகிறது. மின்தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. புதிய அட்டை செருகிய சில மாதங்களுக்குப் பின் கணினி தடுமாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

"கழற்றித் திரும்பச் செருகினால் சரியாகிவிடும்" என்று அனுபவசாலிகள் சொன்னது மூடநம்பிக்கையன்று. செருகும்போது அப்படிவு சுரண்டப்படுகிறது. பின்வந்த அட்டைகளில் இருபுறமும் தங்கப் பூச்சே வழக்கமாயிற்று. ஆயினும் தூசும் ஈரக்காற்றும் நம் நாட்டில் குறைவில்லை அல்லவா?

தமிழுக்காகவும் நினைவகம் கூட்டினோம்

நினைவகம் கூட்டும் அலை நம்மிடையே எழுந்ததற்கு மொழியும் ஒரு காரணம். மைக்ரோசாப்ட் இயங்குதளங்களில் யூனிகோடு தமிழ், லதா எழுத்துருவோடு முதலில் வந்தது விண்டோசு 2000இல். 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அதே ஆண்டு அக்டோபரில் விண்டோசு எக்ஸ்பி வந்தது. விண்டோசு 98 இயங்க 16 மெகாபைட்டே குறைந்தபட்சத் தேவை. எக்ஸ்பிக்கோ 64 வேண்டும். பரிந்துரைத்த அளவு 128. 2003 முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது, மடிக்கணினியும் ஒளிப்பெருக்கியும் வகுப்பறைக்குள் நுழைந்தன. பழைய கணினிகளுக்கு நினைவகம் கூட்டாமல் வழியில்லை.

கூட்டியபோது வந்த சிக்கல்கள் பலவகை. பழைய அட்டை 66 மெகாஹெர்ட்சு, புதியது 133 என்று இருந்தால், இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஒத்துழைக்க வேண்டும். அட்டையிலுள்ள சிறு சில்லு சொல்லும் குறிப்பைத் தாய்ப்பலகை தவறாகப் புரிந்துகொண்டால் நிலைகுலைவுதான். விண்டோசு 98இல் மற்றொரு விந்தை. 512 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் இருந்தால், "போதிய நினைவகம் இல்லை" என்று அது முறையிடும்! கோப்புகளுக்கான இடைச்சேமிப்பு, நினைவகத்தின் அளவுக்கேற்பத் தன்னைப் பெருக்கிக்கொண்டு முகவரி இடம் முழுவதையும் விழுங்கிவிடுவதே காரணம். இடைச்சேமிப்பின் உச்ச அளவை ஒரு வரியில் கட்டுப்படுத்தினால் அது தீர்ந்தது. அதாவது, அட்டையில் குற்றமில்லாமலேயே நிலைகுலைவு நேரக்கூடும்.

பெரிய நிறுவனமும் இதில் தடுக்கி விழுந்திருக்கிறது. இண்டெலின் 820 வகைத் தாய்ப்பலகைகளில், புதுவகைக் கட்டுப்பாட்டகத்தோடு வழக்கமான நினைவகத்தை இணைக்க ஓர் இடைச்சில்லு வைக்கப்பட்டது. அதில் எழுந்த மின்னிரைச்சலால் கணினிகள் தாமாக நின்றன, மீண்டும் தொடங்கின. 2000 மே மாதத்தில் அப்பலகைகளை மாற்றித் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

சோதிக்கும் முறை

2009இல் பியான்கா ஷ்ரோடர், கூகுளின் ஆய்வாளர் இருவரோடு சேர்ந்து, அந்நிறுவனத்தின் கணினிகளை ஈராண்டுக்கு மேல் கண்காணித்த முடிவை வெளியிட்டார். ஆண்டொன்றில் நூற்றுக்கு 8க்கும் மேற்பட்ட நினைவக அட்டைகளில் பிழை தென்பட்டது. அப்பிழைகளுள் பெரும்பாலானவை விண்கதிரால் வந்தவை அல்ல. அட்டையிலேயே உள்ள குறையால் வந்தவை என்பது அவர்கள் கருத்து. நமக்கு இது நற்செய்தி. குறை அட்டையில் இருந்தால் அது திரும்பத் திரும்பத் தோன்றும். ஆகவே பொறுமையாகச் சோதித்தால் பிடிபடும். முறை இதுதான்:

1. முதலில் முக்கியக் கோப்புகளை வேறு கணினியில் உள்ள படியோடு ஒப்பிட்டுக் காப்பாற்றுங்கள். பழுதான நினைவகம், சேமிக்கும் கோப்பையும் கெடுக்கும். இந்நிலையில் இயங்குதளத்தை மறுபடி நிறுவ வேண்டா. நிறுவப்படுவதும் கெட்டே நிற்கும்.

2. மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைப் பிடுங்கி, கணினியின் உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டுப் புதிய அட்டையைக் கழற்றுங்கள். பழையது மட்டும் இருக்கும்போதும் நின்றால், புதிய அட்டை மீது பழி இல்லை.

3. புதியதை மட்டும் செருகிப் பாருங்கள். பின்னர் அதே அட்டையை வேறு செருகுவாயில் மாற்றிப் பாருங்கள். பிழை அட்டையோடு நகர்கிறதா, செருகுவாயிலேயே நிற்கிறதா என்பதில் விடை இருக்கிறது.

4. ஒவ்வொன்றையும் நினைவகச் சோதனை நிரலால் ஓர் இரவு முழுவதும் சோதியுங்கள். கிறிஸ் பிரேடி 1994இல் எழுதிய மெம்டெஸ்ட்86 இன்றும் வழிமுறையில் முன்னோடி. விண்டோசிலும் விஸ்டா முதல் சோதனை நிரல் உள்ளது. ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான்.

5. தனித்தனியே தேறி, சேர்த்தால் தவறினால், வேகப் பொருத்தமே குறை. தொடக்க அமைப்பில் வேகத்தைக் குறையுங்கள். அல்லது ஒரே வகை இணையாக வாங்குங்கள்.

6. இவை அனைத்தும் தேறியும் கணினி நின்றால், மின்வழங்கியையும், தாய்ப்பலகையில் தலை உப்பிய மின்தேக்கிகளையும் பாருங்கள்.

எங்கள் வட்டாரத்தில் பெற்றோர் பணம் திரட்டிக் கணினிகளுக்கு நினைவகம் வாங்கிய ஒரு நிகழ்வை அறிவேன். பொருத்திய மறுவாரமே சில கணினிகள் நின்றுபோக, எல்லாவற்றையும் மாற்றுமாறு ஒரு கடை அறிவுரை கூறியது. ஆசிரியர் ஒருவர் மேற்சொன்ன முறையில் ஒவ்வொன்றாகச் சோதித்தார். பழுதானது ஒரே ஓர் அட்டை. மற்றவை சரியாகச் செருகப்படாதவை. அவ்வளவுதான்.

2025 அக்டோபர் 14இல் விண்டோசு 10க்கான ஆதரவு முடிவுற்றது. விண்டோசு 11க்குக் குறைந்தது 4 கிகாபைட் நினைவகம் தேவை. பழைய கணினிகளுக்கு நினைவகம் கூட்டும் அலை மீண்டும் எழுவது இயல்பு. பள்ளியின் பணம் தோட்டத்திலும் ஆலையிலும் உழைத்த பெற்றோரின் பணம் அல்லவா? ஒரு கணினியைப் பழுதென்று ஒதுக்குமுன், ஓர் இரவு சோதனைக்குக் கொடுங்கள். இயன்றால் ஆறாம் ஆண்டு மாணவர்களை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை மாற்றாதே, முடிவைக் குறித்துவை என்னும் அறிவியல் முறையை அதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் அரிது.

உங்கள் பள்ளிகளில் கண்ட அனுபவங்களை எழுதுங்கள், மற்றவர்க்கும் பயன்படும்.