அம்மை குத்துதல்: பசு அம்மைக்கு முந்தைய முறைகள்

பெரியம்மை கண்டவரின் கொப்புளத்துச் சீழையோ பொருக்கையோ நலமாக இருப்பவரின் உடலில் வேண்டுமென்றே செலுத்தி, இலேசான அம்மையை வரவழைத்து, பின்னாளில் கடும் அம்மை தாக்காமல் காத்த பழைய மருத்துவ முறை. எட்வர்ட் ஜென்னர் 1796-இல் பசு அம்மைச் சீழைக் குத்திப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே சீனா, வங்காளம், துருக்கி, மேற்கு ஆப்பிரிக்கா ஆகிய இடங்களில் இது வழக்கில் இருந்தது. பெரியம்மை கண்டவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களுக்கு அது மறுபடி வருவது அரிது. எல்லா முறைகளும் இந்த ஒரு கவனிப்பிலிருந்து பிறந்தவையே.

சீனாவில் 16-ஆம் நூற்றாண்டு முதல் இதற்குச் சான்றுகள் உண்டு. உலர்ந்த பொருக்கைப் பொடித்து வெள்ளிக் குழாயால் மூக்கில் ஊதினார்கள். ஆண் குழந்தைக்கு வலது நாசி, பெண் குழந்தைக்கு இடது நாசி. புதுப் பொருக்கு ஆபத்து என்பதை உணர்ந்து, அதைச் சில வாரம் இளஞ்சூட்டில் வைத்திருந்த பிறகே பயன்படுத்தினார்கள். சிறுவயதில் அம்மை கண்டு பிழைத்த காங்சி பேரரசர் தம் குடும்பத்தாருக்கே இம்முறையைச் செய்வித்தார்.

வங்காளத்து முறையை ஜான் ஹால்வெல் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1767-இல் விரிவாக எழுதி வைத்தார். காசி, அலகாபாத், பிருந்தாவனம் பகுதிகளிலிருந்து அந்தணர்கள் மூவர் நால்வராகப் புறப்பட்டு, அம்மைக் காலம் தொடங்கும் முன், மாசி பங்குனி வாக்கில் ஊர் ஊராக வருவார்கள். குத்திக்கொள்ள விரும்புவோர் ஒரு மாதம் மீன், பால், நெய் தவிர்த்திருக்க வேண்டும். கையின் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் எட்டுப் பத்து நிமிடம் தேய்த்து, சிறு இரும்புக் கருவியால் இரத்தம் துளிர்க்கும் அளவுக்கு மட்டும் கீறுவார்கள். சீழில் தோய்த்து வைத்திருந்த பஞ்சை இரண்டு மூன்று சொட்டுக் கங்கை நீரால் நனைத்து அந்தக் கீறலில் வைத்துக் கட்டுவார்கள். ஆறு மணி நேரம் கழித்துக் கட்டை அவிழ்க்கலாம். பஞ்சு தானாக விழும்வரை இருக்க வேண்டும். பிறகு காலையும் மாலையும் தலையில் குளிர்ந்த நீர் ஊற்றுவார்கள். உணவு வாழைப்பழம், கரும்பு, தர்பூசணி, கசகசாக் கஞ்சி.

இதில் மிக முக்கியமானது அந்தச் சீழ்தான். முந்தைய ஆண்டு குத்தப்பட்டவரிடமிருந்து எடுத்ததையே பயன்படுத்தினார்கள். இயல்பாக அம்மை கண்டவரின் சீழையோ புதுச் சீழையோ தொடுவதில்லை. நாள்பட நாள்பட அதிலிருக்கும் உயிருள்ள கிருமிகள் குறையும் என்பதை நுண்ணோக்கியின் துணையில்லாமல், தலைமுறை தலைமுறையாகப் பார்த்தே அறிந்திருந்தார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிய பிற்கால அதிகாரிகள் இந்த அறிவுக்குப் பெரும் அநீதி செய்தார்கள். குத்தியவர்களுக்கு நோய் இலேசாக வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இயல்பான தொற்று மூச்சு வழியே உள்ளே போகிறது. தோல் வழியே சிறு அளவு போகும்போது நோய் பெரும்பாலும் மிதமாகவே வருகிறது.

துருக்கியில் இதைக் கண்ட, பிரிட்டிஷ் தூதரின் மனைவி மேரி வோர்ட்லி மாண்டேகு 1718-இல் கான்ஸ்டாண்டினோபிளில் தம் மகனுக்கும், 1721-இல் இலண்டனில் தம் மகளுக்கும் குத்தச் செய்தார். அதே 1721-இல் பாஸ்டனில் கொள்ளைநோய் பரவியது. ஒனிசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை தம் நாட்டு வழக்கத்தைச் சொல்லக் கேட்டிருந்த போதகர் காட்டன் மாதர் மருத்துவர்களைத் தூண்ட, சாப்டியல் பாய்ல்ஸ்டன் மட்டும் முன்வந்தார். குத்திக்கொண்டவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு இருவர் இறந்தார்கள். இயல்பாக நோய் கண்டவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர்.

அந்த இரண்டு பேர் சிறிய கணக்கல்ல. இறையியல் அறிஞர் ஜொனாதன் எட்வர்ட்ஸ் 1758-இல் குத்திக்கொண்ட பிறகே இறந்தார். இன்னொரு தீங்கும் உண்டு: குத்தப்பட்டவரிடமிருந்து முழு வீரியத்துடன் பெரியம்மை பிறருக்குத் தொற்றும். ஒரு வீட்டில் இருவர் குத்திக்கொண்டு, ஒதுங்கியிராமல் நடமாடினால், தெருவே படுத்துவிடக்கூடும்.

பசு அம்மைச் சீழுக்கு இந்தத் தீங்கு இல்லை. அது 1802-இல் பம்பாய்க்கு வந்தது. பிரிட்டன் 1840-இலும் கல்கத்தா 1865-இலும் பழைய முறையைத் தடை செய்தன. ஆயினும் அது உடனே மறையவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஒழிப்புப் பணியாளர்கள் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆப்கானிஸ்தானின் மலைக் கிராமங்களுக்குச் சென்றபோது, அங்கே அம்மை குத்துவோர் இன்னும் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். சில கிராமங்களில் நோய் பரவியதற்கே அவர்களது சீழ் காரணமாக இருந்தது.