வலிப்பும் விரதமும்

ஹட்டன் தோட்டங்களில் ஒருவருக்கு வலிப்புக் கண்டால், லயத்தார் ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதுண்டு. தெய்வக் குற்றம் என்பாரும் உளர். இவ்வெண்ணம் மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. பண்டைக் கிரேக்கரும் இதனைத் தெய்வ நோய் என்றே அழைத்தனர். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் இப்போகிரதீசின் பெயரால் எழுந்த நூலொன்று அதனை மறுத்து, நோய் மூளையிலேயே பிறக்கிறது என்று கூறிற்று.

பட்டினி வலிப்பைத் தணிக்கும் என்பதும் பழைய அனுபவமே. 1911ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கெல்பா, மாரி என்னும் வைத்தியர் இருவர் நோயாளரைப் பட்டினியிருக்கச் செய்து பயன் கண்டனர். ஆனால் எத்தனை நாள்தான் ஒருவர் உண்ணாதிருக்க இயலும்? அமெரிக்காவின் மாயோ வைத்தியசாலையைச் சேர்ந்த வைல்டர் 1921இல் இதற்கு வழி சொன்னார். பட்டினியில் உடல் தன் கொழுப்பை எரிக்கிறது. அதிலிருந்து ஈரல் ஆக்கும் கீற்றோன்களை மூளை எரிபொருளாகக் கொள்கிறது. உணவில் கொழுப்பை மிகுத்து மாப்பொருளைக் குறைத்தால், உண்டுகொண்டே அந்நிலையை அடையலாம் என்றார் அவர். மருந்துக்கு அடங்காத வலிப்புடைய சிறுவர்க்கு, வைத்தியர் மேற்பார்வையில், இம்முறை இன்றும் உதவுகிறது.

மருந்துகளும் வளர்ந்தன. 1857இல் புரோமைட்டும், 1912இல் பீனோபார்பிற்றோனும், 1938இல் பெனிற்றோயினும் வழக்குக்கு வந்தன. இவை மூளைக் கலங்களின் மிகைக் கிளர்ச்சியை அடக்குவன.

கந்தசஷ்டி விரதத்தில் சோற்றோடு மாத்திரையையும் விட்டுவிடுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பட்டினி ஒரு காலத்தில் மருந்தாயிற்று என்பது மெய். எனினும் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு மூண்டு உயிருக்கே இடர் வரலாம். உறக்கம் கெடுவதும் வலிப்பைத் தூண்டும். ஆகவே விரதத்துக்கு முன் வைத்தியரைக் கேட்டல் முறை. வலிப்புற்றவரைச் சரித்துப் படுக்கவைத்தல் போதும், சாவி வேண்டுவதில்லை.