நிழலுக்காக நட்ட மரம்

முகலாயர் வரலாறு படிப்பித்த ஒருநாள் மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், தின்னப் பழம் தராத சினார் மரத்தை அரசர்கள் ஏன் தோட்டங்களில் நட்டார்கள்?" "அழகுக்காக" என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அந்தப் பதில் அன்றிலிருந்து என்னை உறுத்துகிறது.

1586இல் அக்பரின் படை காஷ்மீரை வென்றது. அதன் பின் தால் ஏரிக்கரையில் நஸீம் பாக் என்னும் சினார்ச் சோலை உருவாயிற்று. நஸீம் என்றால் இளங்காற்று. ஆயினும் அம்மண்ணுக்குச் சினாரைக் கொண்டுவந்தோர் முகலாயர் அல்லர். சத்தர்காம் கிராமத்திலுள்ள முதுமரத்தை 1374இல் ஒரு சூஃபி நட்டதாக அங்குள்ளோர் சொல்வர்.

கிளைத்துண்டை ஊன்றினாலே சினார் வேர்பிடிக்கும். 25 மீற்றருக்கு மேலும் உயரும். விரித்த கைபோன்ற இலைகள் இலையுதிர் காலத்தில் செந்தணலாகும். ஆனால் அது குடைவிரிக்கப் பல பத்தாண்டுகள் செல்லும். நட்டவர் அதன் முழுநிழலில் அமர்வது அரிது.

கிரேக்கத்தின்மீது படையெடுத்துச் சென்ற பாரசீக மன்னன் சேர்க்சஸ், வழியில் லிடியாவில் கண்ட சினார் ஒன்றுக்குப் பொன்னணிகள் பூட்டி, அதைக் காக்க வீரனொருவனையும் நியமித்தான் என எழுதினார் ஹெரொடோட்டஸ். மன்னன் பெயர் நிலைத்தது. காவலன் பெயரை அவர் எழுதவில்லை.

நஸீம் பாக் இன்று காஷ்மீர்ப் பல்கலைக்கழக வளாகத்தினுள் இருக்கிறது. மாணவர்கள் அந்நிழலில் நடக்கிறார்கள். அக்பரை அவர்கள் அறிவார்கள். கன்றுகளுக்கு நீர் வார்த்தவர்களை எந்த நூலில் தேடுவது?

"அரசர்கள் நட்டார்கள்" என்ற வாக்கியத்தையே நான் திருத்தியிருக்க வேண்டும். அரசர்கள் கட்டளையிட்டார்கள், நட்டவர்கள் வேறு.